கம்பைத் தேடும் முன் முகத்தைப் பாருங்கள்

நடவு நேரத்தில் எங்கள் வாய்க்கால் மதகில் அடிக்கடி தண்ணிப்பாம்பு கண்ணில் படும். நீர்க்கோலி என்றும் சொல்வார்கள். விஷம் துளியும் கிடையாது. ஆனாலும் விரியன் என்று நினைத்து அடித்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

நாலைந்து அடி தள்ளி நின்றே முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு மேலுதட்டுக்கு இறங்கும். கண்ணுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று வாயோரத்துக்குச் சாய்ந்து வரும். அழுத பிள்ளையின் கண்மை வழிந்தது போலவே இருக்கும். உடம்பு மஞ்சளோ பழுப்போ, மேலே சதுரங்கப் பலகை மாதிரி கறுப்புக் கட்டம், வயிறு வெள்ளை. பெரும்பாலும் இரண்டு மூன்று அடி. பெண் பாம்பு இன்னும் நீளும். கண்ணாடி விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்தது போல முட்டை வடிவ வட்டங்கள், கனத்த உடம்பு, முக்கோணத் தலை.

சேறு பூசியிருந்து எதுவும் தெரியவில்லையா? யூகிக்காமல் விலகிவிடுங்கள்.

நெருங்கினால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும். நல்ல பாம்பு என்று பதறுவது இதைப் பார்த்துத்தான். மெல்லப் பின்வாங்கி வழி விடுங்கள், தண்ணீரில் இறங்கிவிடும். நல்ல பாம்பாகவே இருந்தாலும் செய்ய வேண்டியது அதுதான்.

போன ஐப்பசியில் எங்கள் மீன் வலையில் ஒன்று மாட்டிக்கொண்டது. கோடு இரண்டையும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, வீட்டுக்காரர் ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டு அமுக்காமல் பிடித்தார். நான் வால் பக்கமிருந்து கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். வாலைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். அறுந்துவிடும், பல்லிக்கு மாதிரித் திரும்ப முளைக்காது. பழக்கமில்லாதவர்கள் வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை அடிப்பது குற்றம்.

சாக்கை எடுத்ததும் என் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. வரிசையாகப் பொடிப் பல் தடம், ரத்தம் கசிந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், அப்புறம் டி.டி. ஊசி. கடித்தது எதுவென்று தெரியாவிட்டால் கீறாமல், கட்டுப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வரப்பு வெட்டும்போது பொந்துக்குள் வெள்ளை முட்டைகள் குவிந்திருந்தால் மண்ணை மூடிவிட்டுத் தள்ளி வெட்டுங்கள். தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும்.