தொடை மரத்துப்போனால் இங்கிலாந்தில் எப்படிச் சொல்வது?

ஊரில் காய்ச்சலென்றாலும் ஊசி, இடுப்பு வலியென்றாலும் ஊசி. இங்கே ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், அவ்வளவு சீக்கிரம் ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். ஆனால் விமானம் ஏறும் முன் ஊரில் போட்ட ஊசியோ, சிசேரியனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க வீட்டில் நீங்களே போட்டுக்கொண்ட ஊசியோ வாரக்கணக்கில் தொடையை மரக்க வைத்திருந்தால், ஜிபியிடம் சொல்லத்தான் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே 'கால்'. 'லெக்' என்று மொட்டையாகச் சொல்லாமல் 'தை' (thigh, தொடை) என்று சொல்லி, இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்குக் காசு இல்லை. இலங்கைக்காரர் 'விறைச்சுப் போச்சு' என்றால் உணர்ச்சி இல்லை என்று பொருள். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளருக்கு அது கால் இறுகிப்போனது என்று கேட்கலாம். 'கிள்ளினால் தெரியவில்லை' என்றால் குழப்பமே இல்லை. என்ன மருந்து, எந்தப் பக்கம், எந்தத் தேதி என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்து, காலில் பலம் குறையாமல் இருந்தால், பெரும்பாலும் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்புதான் நசுங்கியிருக்கும். இறுக்கமான ஜீன்ஸ், பெல்ட், கர்ப்பம், உடல் பருமன்கூட அதைச் செய்யும். பழி மட்டும் ஊசிக்குப் போகும். பிட்டத்தில் ஊசி ஏறிய நொடியே பாதம் வரை கரன்ட் அடித்தாற்போல் வலித்து, பாதத்தைத் தூக்க முடியவில்லையென்றால் கதையே வேறு. அன்றைக்கே ஜிபியையோ 111 என்ற மருத்துவ உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். உட்காருமிடம் மரத்து, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போனால், அல்லது இரண்டு காலும் தளர்ந்தால், நேராக அவசரப் பிரிவு, இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 999. அது முதுகுத்தண்டு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

குளிருக்கு இதமாக இருக்கிறதென்று மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள். சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று ஜிபி சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. சேதமான நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் மாதங்கள் ஆகலாம். மரத்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை இதையே செய்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் அந்தப் படங்களோடு திரும்பப் போங்கள்.