ராசியில்லாதவன் என்று முத்திரை குத்தும் முன்

"அவனுக்கு அதிர்ஷ்டம் இருக்கு, நமக்கு இல்லை" என்று சொல்லும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. ஒரு காரியம் தற்செயலாகக் கைகூடுவது உண்டு, கைநழுவுவதும் உண்டு. அதை ஓர் ஆளின் குணமாக மாற்றி, இவர் ராசிக்காரர், இவர் ராசியில்லாதவர் என்று பிரிப்பதில்தான் வம்பு.

வித்யா பாலனையே எடுத்துக்கொள்ளுங்கள். மோகன்லாலுடன் அவர் நடிக்கத் தொடங்கிய மலையாளப் படம் பாதியில் நின்றுபோனது. படம் நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். பழி என்னவோ புதுமுகத்தின் தலையில் விழுந்தது. 'ராசியில்லாதவர்' என்ற பேச்சு பரவ, கையில் இருந்த மற்ற படங்களும் போயின. தமிழிலும் அவர் இடத்துக்கு வேறு நடிகைகள் வந்தார்கள். 2005இல் அவர் நடித்த 'பரிணீதா' என்ற இந்திப் படம் வெளியானது. அப்புறம் தேசிய விருது, 2014இல் பத்மஸ்ரீ. இடைப்பட்ட காலத்தில் நடந்ததைப் பாருங்கள்: முத்திரை விழுந்ததும் வாய்ப்பு குறைந்தது, வாய்ப்பு குறைந்ததும் முத்திரை உண்மை போலத் தெரிந்தது. இதே முத்திரையை நாமே நமக்குக் குத்திக்கொண்டால் தடுக்க ஆளில்லை. விண்ணப்பமே போடாதவருக்கு நேர்காணல் அழைப்பு எப்படி வரும்?

ஜெயித்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. "எல்லாம் என் உழைப்பு" என்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல மருந்து. யாருக்கும் தெரியாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கேட்டார்கள். ஒரு குழுவுக்குப் பாடல்கள் மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்று காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்கள் 26ஆம் இடம் கொடுத்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம். இன்னொன்றில் 40ஆம் இடம்! பாட்டு அதேதான். ஆனால் மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. ஆக, உழைப்பு வீண் என்று இதை வைத்து யாரும் காலை நீட்டிப் படுக்க முடியாது.

"இத்தனை தடவை தோற்றாச்சு, அடுத்தது நமக்குத்தான்" என்பது லாட்டரி, ரம்மி ஆட்களின் கணக்கு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலட் ஆட்டத்தில், அதாவது சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் உள்ள சுழலும் சக்கரத்தில், பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். முந்தைய சுற்றில் என்ன விழுந்தது என்பது அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று, அதிகம் பேசப்படாதது: முடிவை மட்டும் வைத்து நம் செயலை எடைபோடுவது. குரூப் 4 தேர்வில், படிக்காமல் விட்ட பகுதியிலிருந்து கேள்வி வராமல் தப்பித்தவர் அடுத்த முறையும் அதை விட்டுவிடுவார். தேர்வு முடிந்த அன்று மாலையே எழுதி வையுங்கள்: தெரிந்து ஷேட் செய்தது எத்தனை, குத்துமதிப்பாக அடித்தது எத்தனை, எந்தப் பாடத்தில். ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, அடுத்து எதைப் படிப்பது என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.