பூச்சியைத் தாங்கிய வேர்ச்செடி அழுகலில் விழுந்தது: என் அனுபவம்

கோபர் 5பிபி என்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு வேராக அமையும் அடிச்செடி) ஒட்டுக்கட்டிய திராட்சைக் கொடிகள், மூன்றாம் ஆண்டில் ஒவ்வொன்றாக வாடின. இலை சிறுத்து மஞ்சளானது. நுனி வளரவே இல்லை. திராட்சை வேரைத் தாக்கும் ஃபைலாக்செரா பூச்சியைத் தாங்கும் வேர் என்பதால்தான் 5பிபியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆகவே வேரில் நோய் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இரும்புச்சத்துக் குறை என்று நினைத்து இலைவழி ஊட்டம் தெளித்தேன். பலனில்லை. வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவோ என்று வேரைத் தோண்டினால் முடிச்சு ஒன்றுமில்லை. வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினேன். அதுதான் பெரிய தவறு, நான்கே நாளில் இன்னும் சில கொடிகள் தொங்கிவிட்டன.

கடைசியில் ஒரு கொடியின் அடித்தண்டைக் கத்தியால் சுரண்டினேன். பட்டைக்கடியில் கரும்பழுப்பு நிறம் மண்மட்டத்திலிருந்து ஏறி வந்து, ஒட்டு இணைப்பில் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது. அதற்கு மேலே பச்சை. இதைப் பலர் கவனிக்கமாட்டார்கள். நோய் வேர்ச்செடியில் மட்டும் என்பதற்கு அதுவே தடயம். ஆய்வகச் சோதனையில், ஈரமண்ணில் பெருகி வேரை அழுகச் செய்யும் ஃபைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமி உறுதியானது. 5பிபி அதற்கு எளிதில் இலக்காகும்; பூச்சியைத் தாங்குவது வேறு, அழுகலைத் தாங்குவது வேறு.

சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான் தண்டை ஒட்டியே சொட்டிக்கொண்டிருந்தது. அதை 45 செ.மீ. தள்ளி வைத்தேன். அடித்தண்டைச் சுற்றிக் குவிந்த மண்ணை விலக்கி, காற்றுப்பட விட்டேன். மேல்மண் உலர்ந்த பிறகே அடுத்த பாசனம். அழுகல் தண்டைச் சுற்றி வளைத்த கொடிகள் பிழைக்கவில்லை, பிடுங்கிவிட்டேன். மற்றவை ஐந்தாம் வாரத்தில் புதுத்தளிர் விட்டன. பெரிய நிம்மதி.