நல்ல படத்தைத் தவறான ஆளிடம் கொடுக்காதீர்கள்: கிழக்காசிய சினிமாவைப் பரிந்துரைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கொரியன் படம் நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் வாயில் வரும் பெயர் 'ஓல்ட்பாய்'. பார்க் சான்-வூக் 2003-ல் எடுத்த படம், அடுத்த ஆண்டு கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. சுத்தியலோடு ஒற்றை ஆள் ஒரு கும்பலையே எதிர்கொள்ளும் அந்த நடைபாதைச் சண்டையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். படத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டவர் யார் என்று பார்க்காமல் சொல்வதுதான் குறை. உயிரோடு நெளியும் ஆக்டோபஸைக் கடித்துத் தின்பதும், சுத்தியலின் பின்முனையால் பல்லைப் பிடுங்குவதும் அதில் இருக்கின்றன. முடிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா அம்மாவோடு ஹாலில் உட்கார்ந்து அதைப் போட்டவர் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, "கொரியன் படம்னாலே இப்படித்தான் போல" என்று முடிவு கட்டிவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

நமக்கு எது பிடிக்கும் என்பதையே பரிந்துரையாகச் சொல்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். பெயர் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக மனசுக்குப் பிடித்த படம் எது? யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'பாபநாசம்' பிடித்தது என்கிறாரா? 'த்ரிஷ்யம்' கதையைச் சீனர்கள் 2019-ல் 'ஷீப் வித்தவுட் எ ஷெப்பர்ட்' என்று எடுத்தார்கள். கதை தாய்லாந்தில் நடக்கிறது, முடிவு நம் படத்திலிருந்து விலகிப் போகிறது. தெரிந்த கதை என்பதால் சப்டைட்டில் படிக்கும் சிரமமும் குறையும். 'நந்தலாலா' பார்த்துக் கலங்கியவரா? தகேஷி கிடானோவின் 'கிகுஜிரோ' (1999) அவருக்குத்தான். அம்மாவைத் தேடிப் போகும் சிறுவனையும், கூடவே போகும் வேலைவெட்டியில்லாத ரௌடி ஆசாமியையும் அவருக்கு உடனே பிடித்துப்போகும்.

இங்கேயே இன்னொரு வழுக்கல். இப்படி ஒப்பிட ஆரம்பித்தால் "இது அதோட காப்பி" என்பதில் பேச்சு போய் நின்றுவிடுகிறது. 2020-ல் 'பாரசைட்' நான்கு ஆஸ்கர் வாங்கியவுடன், அது 1999-ல் வந்த 'மின்சார கண்ணா'வின் கதை என்று ஒரு சர்ச்சை கிளம்பி, பல நாள் அதைப் பற்றியே பேசினோம். மின்சார கண்ணாவில் காதலுக்காக ஒரு பணக்காரக் குடும்பம் வேலைக்காரர்களாக உள்ளே நுழைகிறது. பாரசைட்டில் அரை அடித்தள வீட்டில் பீட்சா அட்டைப்பெட்டி மடித்துப் பிழைக்கும் குடும்பம் நுழைகிறது. இந்த வேறுபாட்டில்தான் போங் ஜூன்-ஹோ சொல்ல வந்த மொத்த விஷயமும் இருக்கிறது. படம் பார்க்காதவரிடம் "காப்பி" என்ற ஒரே சொல்லைக் கொடுத்து அனுப்பினால், அவர் ஒற்றுமையை மட்டும் தேடிக்கொண்டு படத்தைத் தவறவிடுவார்.

"கிளைமாக்ஸ்ல ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்லமாட்டேன்" என்பதும் சொல்லிவிட்டதற்குச் சமம்தான். அவர் படம் முழுக்க அந்தத் திருப்பத்தை ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பேசாமல் விட்டுவிடுங்கள்.

ஆனால் எதையுமே சொல்லாமல் விடுவதும் சரியில்லை. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதில்தான் பரிந்துரைப்பவரின் திறமை இருக்கிறது என்பேன். 'எ டாக்ஸி டிரைவர்' (2017) படத்துக்கு முன்னால் இரண்டு வரி சொல்லியே ஆகவேண்டும். 1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜூ நகரத்து மாணவர்களும் மக்களும் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள், ராணுவம் சுட்டது, செய்தி வெளியே போகாதபடி நகரமே அடைக்கப்பட்டது. யூர்கன் ஹின்ஸ்பீட்டர் என்ற ஜெர்மானியச் செய்தியாளர் சியோலிலிருந்து டாக்ஸி பிடித்து உள்ளே போய்ப் படமெடுத்தார். இவ்வளவு தெரிந்தால் போதும், சோங் காங்-ஹோவின் ஓட்டுநர் வாடகைக் காசுக்காகக் கிளம்பும் முதல் காட்சியிலேயே நெஞ்சு படபடக்கும். 2024 டிசம்பரில் தென்கொரிய அதிபர் ராணுவச் சட்டத்தை அறிவித்த அன்று நள்ளிரவில் மக்கள் ஏன் நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள் என்பதும் புரியும்.

'மெமரிஸ் ஆஃப் மர்டர்' (2003) இதற்கு நேர் எதிர். 1986-க்கும் 1991-க்கும் இடையே ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளை வைத்து போங் எடுத்த படம் அது. படம் வந்தபோது கொலையாளி யாரென்று யாருக்கும் தெரியாது. 2019-ல்தான் டி.என்.ஏ. சோதனையில், வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்த ஒருவன் அடையாளம் காணப்பட்டான். இந்தத் தகவலை முன்னால் சொன்னால் படத்தின் தவிப்பு பாதியாகிவிடும். பார்த்து முடித்தவரிடம் சொல்லுங்கள், அன்று இரவு தூங்காமல் மறுபடி முதலிலிருந்து போடுவார்.

ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ எடுக்கும் அனிமேஷன் படங்கள் விஷயத்தில் நடக்கும் தவறு உண்மையிலேயே புண்படுத்தக்கூடியது. "கிப்லி படமா? குழந்தைகளோட பாருங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். 1988 ஏப்ரலில் ஜப்பானிய தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு கிப்லி படங்கள் ஓடின. ஒன்று மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ', நாலு வயதுக் குழந்தையும் சிரித்துக்கொண்டே பார்க்கலாம். இன்னொன்று தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. 1945-ல் கோபே நகரத்தில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியோடு போராடும் கதை. உடம்பெல்லாம் கட்டுப்போட்டுக் கிடக்கும் அம்மாவை மறைக்காமல் காட்டுகிறார்கள். விவரம் தெரியாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் படமில்லை இது, பெரியவர்களே தனியாகப் பார்க்கத் தயங்குவார்கள். 'பிரின்சஸ் மோனோனோகே'யில் அம்பு பட்டுக் கையும் தலையும் துண்டாகிப் பறக்கின்றன. 'ஸ்பிரிட்டட் அவே'யில் அப்பா அம்மா பன்றிகளாக மாறும் இடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை அழலாம். வயதைக் கேட்காமல் கிப்லி பெயரைச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, மேதைகளின் பெயரைச் சொல்லி மிரட்டுவது. "ஓஸுவோட 'டோக்கியோ ஸ்டோரி' உலகத்தின் தலைசிறந்த படம், பாருங்க" என்று ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் பெயரைச் சொன்னால் கேட்பவருக்குப் பரீட்சைக்குப் போகிற உணர்வுதான் வரும். 2012-ல் சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் உலக இயக்குநர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அது முதலிடம் பிடித்தது உண்மைதான். அதைச் சொல்லி யாரையும் உட்கார வைக்க முடியாது. கதையைச் சொல்லுங்கள்: ஒனோமிச்சியிலிருந்து வயதான அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு ரயிலேறி வருகிறார்கள். டாக்டர் மகனுக்கும், அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. செலவைப் போட்டுக்கொண்டு அவர்களை அதாமி வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கே இரவெல்லாம் இளசுகளின் கூத்தில் கிழவனுக்கும் கிழவிக்கும் தூக்கமில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவி ஒருத்திதான் வேலைக்கு லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் பெருநகரத்தில் குடியேறிவிட்ட எந்த வீட்டுக்கு இது புரியாது? "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஸ்லோ, ஓடாது" என்று நாமே முடிவு செய்வது பெரிய அநியாயம். ரஜினியின் 'முத்து' 1998-ல் டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. தமிழ் ஒரு சொல் தெரியாதவர்கள் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே கொண்டாடினார்கள்.

ஓஸுவுக்குள் நுழைய எளிய வாசலும் இருக்கிறது. 'குட் மார்னிங்' (1959) வண்ணப்படம், டிவி வாங்கித் தரச் சொல்லி இரண்டு பையன்கள் வீட்டில் பேசாவிரதம் இருக்கும் கதை, நடுவில் குசு விடும் போட்டி. சிரித்து முடித்தவர் தானாகவே இந்த ஆள் வேறென்ன எடுத்தார் என்று கேட்பார்.

குடும்பக் கதை விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஜப்பானிய இயக்குநர் கோரே-எடாவின் 'ஸ்டில் வாக்கிங்' (2008). இறந்துபோன மூத்த மகனின் நினைவு நாளுக்குக் குடும்பம் கூடுகிறது, நம் வீட்டுத் திவச நாள் மாதிரியே. அம்மா சோளக்கதிரிலிருந்து கட்டைவிரலால் முத்துகளை உதிர்க்கிறாள், மாவில் கலந்து எண்ணெயில் விட்டதும் அவை படபடவென்று வெடிக்கின்றன, அந்த வாசனைக்கு எல்லோரும் சமையலறைக்கு வந்துவிடுகிறார்கள். கடலில் மூழ்கிய சிறுவன் ஒருவனைக் காப்பாற்றப் போய்த்தான் அந்த மகன் செத்தான். அந்தச் சிறுவன் வளர்ந்து, வருஷா வருஷம் அழைப்பின் பேரில் வந்து கூனிக்குறுகி உட்கார்ந்துவிட்டுப் போகிறான். பாவம், இனி கூப்பிட வேண்டாமே என்கிறான் இளையவன். பின்னல் வேலையிலிருந்து கையை எடுக்காமல் அம்மா சொல்லும் பதிலைக் கேட்டால் குலை நடுங்கும். சோளப் பலகாரம் பற்றி மட்டும் சொல்லி அனுப்புங்கள், அந்தப் பதிலைச் சொல்லாதீர்கள்.

"டப்பிங்ல பார்த்தா பார்த்த கணக்கே இல்ல" என்று விரட்டுவதை நிறுத்திக்கொள்வோம். ஆங்கில சப்டைட்டிலை அந்த வேகத்தில் படிக்க முடியாதவர்கள் நம் வீடுகளிலேயே எத்தனை பேர்! ஜாக்கி சானைத் தமிழில் பேச வைத்துத்தான் ஒரு தலைமுறையே ஹாங்காங் சினிமாவுக்குள் வந்தது. ஹாங்காங் படங்களே பல பத்தாண்டுகள் படப்பிடிப்புக்குப் பிறகு குரல் சேர்க்கப்பட்டவைதான். டப்பிங் கிடைக்காவிட்டால் பேச்சு குறைந்த படத்தைத் தேடுங்கள். கனெடோ ஷிண்டோவின் 'தி நேக்கட் ஐலண்ட்' (1960) கிட்டத்தட்ட வசனமே இல்லாதது. தண்ணீரில்லாத சின்னத் தீவில் ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் படகில் போய்த் தண்ணீர் மொண்டு, காவடியில் சுமந்து, செங்குத்தான மேட்டில் ஏறி, செடிக்குச் செடி ஊற்றுகிறார்கள். ஒருமுறை அவள் கால் தடுக்கி ஒரு வாளி கொட்டிவிடுகிறது. அவன் வந்து ஓங்கி அறைகிறான். அவள் விழுகிறாள், எழுகிறாள், மறுபடி காவடியைத் தூக்குகிறாள். தண்ணீர்க் குடம் சுமந்த எந்தப் பாட்டிக்கும் இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

சீனம், தைவான், ஹாங்காங் எல்லாவற்றையும் "சைனீஸ் படம்" என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஹோ ஷியாவ்-ஷியெனின் 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' (1989) பேசுவது 1947 பிப்ரவரி 28-ல் தொடங்கிய தைவான் எழுச்சியையும் அதை அரசு நசுக்கியதையும். 1987-ல் ராணுவச் சட்டம் விலகும்வரை அங்கே அதைப் பற்றி வாய்திறக்க முடியாது. தைவானிய ஹொக்கியன், ஜப்பானியம், மாண்டரின், கான்டனீஸ் எல்லாம் அந்தப் படத்தில் கேட்கின்றன. யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதிலேயே அரசியல் இருக்கிறது. ஹாங்காங் நடிகர் டோனி லியுங்குக்குத் தைவானிய மொழி வராது, அதனால் அவர் பாத்திரம் காது கேளாத, வாய் பேசாத புகைப்படக்காரனாக்கப்பட்டது. அவன் தாளில் எழுதித்தான் பேசுகிறான். இதைச் சொல்லாமல் "சைனீஸ் கிளாசிக்" என்று அனுப்பினால் பார்ப்பவர் முதல் கால்மணி நேரத்திலேயே திசை தெரியாமல் நிற்பார்.

"கொரிய மொழியே தமிழிலிருந்து வந்ததுதான், அதனால் கே-டிராமா பாருங்கள்" என்ற அழைப்பும் வேண்டாம். 'சம்குக் யூசா' என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலில், கடல் கடந்து வந்து பழங்கொரியாவின் காயா நாட்டு அரசனை மணந்த அயுதா இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக் கதை உண்டு. அது அழகான ஐதீகம். அவர் தமிழ்ப்பெண் என்பதற்கு ஆதாரம் இல்லை, இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. 'ரிப்ளை 1988' தொடரில் சாப்பாட்டு வேளையில் ஒரு வீட்டுக் கிண்ணம் இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறொன்று திரும்பி வந்து, பிள்ளைகள் சந்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவார்கள். நம் தெருவுக்கும் அந்தச் சந்துக்கும் உறவு சொல்ல அந்தக் காட்சியே போதும். ஆனால் 20 எபிசோடு, ஒவ்வொன்றும் சினிமா நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கொரிய இயக்குநர் கிம் கி-டுக்கைக் கொண்டாடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர்... அண்ட் ஸ்பிரிங்' (2003) படத்தைக் கொடுக்கும்போது, 2018-ல் நடிகைகள் அவர்மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சொன்னதையும், அவர் அதை மறுத்ததையும் மறைக்காதீர்கள். தெரிந்துகொண்டு பார்ப்பதா வேண்டாமா என்பது பார்ப்பவரின் உரிமை.

கடைசியாக, ஐம்பது படப் பட்டியல். அதை யாரும் பார்ப்பதில்லை, சேமித்து வைப்பதோடு சரி. ஒன்று கொடுங்கள். அது பிடித்தால், எது பிடித்தது என்று கேட்டு அடுத்ததைக் கொடுங்கள். பாரசைட் பார்த்துவிட்டு அந்த மாடிப்படியும் பங்களாவும் கண்ணிலேயே நிற்கிறது என்றால், போங்கே தனக்கு உந்துதல் என்று சொன்ன கிம் கி-யங்கின் 'தி ஹவுஸ்மெய்ட்' (1960). மேட்டுக்குடிக்கும் குப்பத்துக்கும் உள்ள தூரம் உறுத்தியது என்றால், யோகோஹாமாவில் குன்றின் மேல் வீட்டைக் கட்டிய பணக்காரனைக் கீழேயிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டே இருக்கும் குரோசவாவின் 'ஹை அண்ட் லோ' (1963). அந்தக் குடும்பத்தின் ஒட்டுறவு பிடித்திருந்தால் கோரே-எடாவின் 'ஷாப்லிஃப்டர்ஸ்' (2018). பழைய கொரியப் படங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் பல படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகவே போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.