டி டிரைவை அழித்து சி டிரைவோடு சேர்ப்பது எப்படி

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கை சி, டி, இ என்று பிரித்துத்தான் கையில் கொடுப்பார்கள். நாலு சாஃப்ட்வேர் போட்டதும் சி நிரம்பி சிவப்பாகிவிடும், பக்கத்தில் டி பாட்டுக்கு 200 ஜிபியோடு சும்மா கிடக்கும். அந்த டியை அழித்து சியோடு சேர்க்கும் வழியைத்தான் சொல்கிறேன், விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இதேதான்.

முதலில் டியில் இருப்பதை எல்லாம் வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள். காப்பி ஆனதும் அதில் நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை யாராவது டிக்கு மாற்றி வைத்திருக்கலாம், கடை வைத்திருப்பவர் என்றால் டாலி டேட்டா அங்கேதான் இருக்கும். டியில் இன்ஸ்டால் செய்த புரோகிராம்களைக் காப்பி எடுத்துப் பயனில்லை, அவற்றைத் திரும்ப இன்ஸ்டால்தான் செய்ய வேண்டும்.

காப்பி எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சைதாப்பேட்டையில் சித்தி வீட்டு கம்ப்யூட்டரில் நானே மாட்டிக்கொண்டேன். உள்ளே இருந்ததும் 1 டிபி, வெளியே செருகியிருந்ததும் 1 டிபி, விண்டோஸ் இரண்டையுமே 931 ஜிபி என்று காட்ட, அவசரத்தில் தங்கச்சி கல்யாண போட்டோ இருந்த டிஸ்கில் போய் டெலீட் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, அழிந்தது பார்ட்டிஷன் டேபிளில், அதாவது டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற பட்டியலில், இருந்த குறிப்பு மட்டும்தான், போட்டோக்கள் டிஸ்கிலேயே இருந்தன. அதன்மேல் எதுவும் எழுதாமல் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச புரோகிராமை ஓட்டி ராத்திரி ஒரு மணிக்கு மீட்டேன். சித்தி அதுவரை தூங்கவில்லை.

சரி, இப்போது விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அழுத்துங்கள், வருகிற மெனுவில் டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழ்ப் பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று பட்டை பட்டையாகத் தெரியும். எழுத்தை மட்டும் நம்பாமல், எந்த டிஸ்க், எத்தனை ஜிபி என்பதையும் பாருங்கள். எழுத்தே இல்லாமல் சின்னதாக இஎஃப்ஐ, ரெக்கவரி என்று இருப்பவற்றைத் தொடவே வேண்டாம், இஎஃப்ஐ போனால் விண்டோஸ் பூட் ஆகாது. டி மேல் ரைட் கிளிக், டெலீட் வால்யூம், யெஸ். நீலப் பட்டை கறுப்பாகி அன்அலோகேட்டட், அதாவது எதற்கும் ஒதுக்காத இடம், என்று வரும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்காக இருந்து பச்சை நிறத்தில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று வந்தால், அதன்மேலும் ஒருமுறை ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுங்கள். ஆனால் அந்தப் பச்சைக் கட்டத்துக்குள் இ டிரைவும் இருந்தால் அதையும் காலி செய்யாமல் இது நடக்காது. டியை அழிக்கவே விடவில்லை என்றால் பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) அதில் இருக்கிறதா என்று பாருங்கள், சிக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

அப்புறம் சி மேல் ரைட் கிளிக், எக்ஸ்டெண்ட் வால்யூம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட். இங்கேதான் பலர் சிக்குவார்கள்: கறுப்பு இடம் சிக்கு வலது பக்கத்தில், ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் எக்ஸ்டெண்ட் மங்கலாகத்தான் தெரியும். அதற்காக ரெக்கவரியை அழிக்காதீர்கள். ஜிபார்ட்டட் மாதிரி பார்ட்டிஷனை மாற்றியமைக்கும் புரோகிராமால் அதை நகர்த்தலாம், ஆனால் நகர்த்தும்போது கரண்ட் போனால் டேட்டா போய்விடும், அதனால் நம் ஊர் வெயில் காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். என்னைக் கேட்டால் அந்த இடத்தில் புது டி உருவாக்கி, பெரிய ஃபோல்டர்களை அங்கே மாற்றிவிடுவதே மேல்.

கம்ப்யூட்டரை விற்கப்போகிறீர்கள் என்றால் டெலீட் மட்டும் போதாது, நான் மீட்ட மாதிரியே வாங்குகிறவரும் மீட்டுவிடுவார். உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் காப்பி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சியோடு சேர்க்கும் முன்பே, டி இருந்த அந்தக் கறுப்பு இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து, குவிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள், அப்போதுதான் முழுவதும் மேலெழுதும். மணிக்கணக்கில் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள்.