சிலிக்கா நானோ துகளில் ஆன்டிபாடி பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலிக்கா நானோ துகளில் மருந்தை ஏற்றி, மேலே ஆன்டிபாடியை (குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் புரதம்) பொருத்தி, புற்றணுவைத் தேடிப்போக வைக்கலாம். யோசனை அருமையானது. ஆய்வகத்தில் அது கெட்டுப்போவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான்.

முதலில் பஃபர், அதாவது பிஎச் அதிகம் மாறாமல் காக்கும் கரைசல். துகளின் மேலுள்ள கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதியை இடிசி, என்ஹெச்எஸ் என்ற வேதிப்பொருட்கள் கொண்டு தூண்டிவிட்டு, ஆன்டிபாடியின் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியோடு இணைப்பது வழக்கமான முறை. அந்த நேரத்தில் டிரிஸ் பஃபரோ கிளைசினோ உள்ளே இருந்தால் போச்சு. இரண்டிலும் அமீன் உண்டு; ஆன்டிபாடிக்குப் போகவேண்டிய இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். விலைக்கு வாங்கும் ஆன்டிபாடியிலேயே இவையோ, பிஎஸ்ஏ என்ற மாட்டுச் சீரப் புரதமோ கலந்திருக்கலாம். டிரிஸையும் கிளைசினையும் டயாலிசிஸில் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றும் முறை) நீக்கிவிடலாம், பெரிய மூலக்கூறான பிஎஸ்ஏவை அப்படி நீக்க முடியாது. அது சேராத ஆன்டிபாடியாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

அப்புறம் பிஎச். தூண்டுவதற்கு மெஸ் என்ற பஃபரில் 5 முதல் 6 வரை, இணைப்பதற்கு 7.2 முதல் 8 வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால், தூண்டியதில் உருவான என்ஹெச்எஸ் எஸ்டர் தண்ணீரிலேயே சிதைந்துவிடும், பிஎச் 8.6-இல், 4 டிகிரி குளிரில்கூட அதன் அரை ஆயுள் சுமார் 10 நிமிடம்தான். தூண்டிய துகளைக் காக்க வைக்காதீர்கள். இடிசி பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே திறக்கவும் வேண்டாம், ஈரம் கோத்துக்கொள்ளும்.

துகளின் மேல் அமீன் நிறைய வேண்டும் என்று, அதைப் பதிக்கும் ஏபிடிஇஎஸ் என்ற சிலிக்கான் சேர்மத்தைத் தாராளமாக ஊற்றுவதும் தப்பு. ஈரம் பட்டால் அது தனக்குள்ளேயே பிணைந்து, துகள்களையும் சேர்த்துக் கட்டியாக்கிவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, புரதம் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது. சிலிக்காவில் புரதம் சும்மாவே ஒட்டும். அதனால் இடிசி சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி கழுவிப் பாருங்கள். அளவு ஒன்றாகவே வந்தால், நீங்கள் நினைத்த பிணைப்பு உருவாகவில்லை. உருவாகியிருந்தாலும், ஆன்டிபாடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது முக்கியம். இணைப்புக்கான அமீனைத் தாங்கும் லைசின் என்ற அமினோ அமிலம் அதன் உடலெங்கும் இருப்பதால், இலக்கைப் பிடிக்கும் முனை துகளின் பக்கம் திரும்பிவிடலாம். எவ்வளவு ஒட்டியது என்பதோடு, எவ்வளவு இலக்கைப் பிடிக்கிறது என்பதையும் அளக்க வேண்டும்.

அந்தச் சோதனையைச் சீரத்திலும் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) செய்யுங்கள். டிரான்ஸ்ஃபெரின் என்ற இரும்பு கடத்தும் புரதம் பொருத்திய சிலிக்கா துகள்கள், சீரப் புரதங்கள் மேலே படிந்ததும் இலக்கை அடையாளம் காணும் திறனை இழந்ததை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) பூச்சு இந்தப் படிவைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. பஃபரில் கிடைத்த நல்ல முடிவை மட்டும் நம்பி விலங்குச் சோதனைக்குப் போய்விடாதீர்கள்.