புளியரைக்கு எத்தனை எழுத்து?

செங்கோட்டையில் உட்கார்ந்து, ஒரு பழைய பேருந்து விளையாட்டின் பெயர்ப்பலகையில் பக்கத்து ஊரான 'புளியரை'யின் பெயரை எழுத ஆசைப்பட்டேன். மூன்று நாள் போயிற்று. தரவுக் கோப்பில் பெயரை மாற்றியதும் விளையாட்டு பாதியில் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

தமிழ் எழுத்துரு போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். வீண். எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியுமே தவிர மூடிக்கொள்ளாது என்பது அப்போது உறைக்கவில்லை.

கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் (கணினி தரவைச் சேமிக்கும் சிறு அலகு) எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். ஏழு ஆங்கில எழுத்துள்ள பழைய பெயருக்கு முன்னால் 07 00 00 00 என்று நான்கு பைட்டுகள் இருந்தன. பெயரின் நீளம்! புளியரை கண்ணுக்கு நான்கு எழுத்து; 04 போட்டேன், மூடியது. எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு கணக்கில் ப, ு, ள, ி, ய, ர, ை என்று ஏழு. பழைய 07 சரியாகத்தானே இருக்கிறது என்று அங்கேயே ஒரு நாள் ஏமாந்தேன். விளையாட்டு எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக 21. அதைப் போட்டும் மூடியது! அந்த எடிட்டரின் எண்கள் ஹெக்ஸ், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டவை; அதில் 21 என்றால் நம் கணக்கில் 33. நம் 21 அதில் 15. எழுத வேண்டியது 15 00 00 00.

பேருந்து கிளம்பிவிட்டது. ஐகாரக் கொம்பு மட்டும் ர-வுக்குப் பின்னால் நிற்கிறது. அது அடுத்த வாரத்து வேலை.